கெஜத்தைக் கேட்டுவிட்டு

பிசான நெல் பால்கட்டத் தொடங்கினால் மலையடிவாரத்து ஊர்களில் ஆண்பிள்ளைகளுக்குத் தூக்கம் போய்விடும். கடையம், சிவசைலம், பாபநாசம், மணிமுத்தாறு, களக்காடு என்று பொதிகை மலையின் ஓரத்தோடு இருக்கிற ஊர்களில் இது இன்றைக்கும் அப்படித்தான். காட்டுப்பன்றி பெரும்பாலும் கூட்டமாகத்தான் வரும். நெல்லைத் தின்பது கொஞ்சம், உழப்பிப் போடுவது அதிகம். வாழையில் இறங்கினால் கிழங்கைத் தோண்டித் தின்றுவிட்டுப் போகும். மரம் காலையில் பார்க்கும்போது சாய்ந்து கிடக்கும். தகரம் தட்டுவார்கள், பழைய சேலையைச் சுற்றிக் கட்டுவார்கள், பரண் போட்டுப் படுப்பார்கள். எங்கள் சிறு வயதில் ஊருக்கு ஒன்றிரண்டு வீட்டில் நாட்டுத் துப்பாக்கியும் இருந்தது. லைசென்ஸ் உள்ள துப்பாக்கி. 1959-ஆம் வருடத்து ஆயுதச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்கு வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி வைத்துக்கொள்ள உரிமம் தருவதைத் தனியாகவே சொல்கிறது.

எங்கள் குடும்பத்தில் அதை வைத்திருந்தவர் பெரியப்பா. கன்னடியன் கால் பாசனத்தில் அவருக்குக் கொஞ்சம் வயலும், மேற்கே மலையை ஒட்டி ஒரு வாழைத் தோட்டமும் இருந்தன. அவர் அந்தத் துப்பாக்கியால் எதையாவது சுட்டுக் கொன்றதை நான் பார்த்ததில்லை. பெரும்பாலும் குண்டு போடாமல் வெறும் வேட்டுத்தான். ஆனால் அதைக் கையில் எடுப்பதிலிருந்து திரும்ப ஆணியில் மாட்டுகிற வரைக்கும் அவர் செய்கிற காரியங்களுக்கு ஒரு வரிசை இருந்தது. நான் பிற்காலத்தில் பல வேலைகள் பார்த்தேன், பலரிடம் கைகட்டி நின்று கற்றுக்கொண்டேன். அந்த வரிசை கற்றுக் கொடுத்த அளவுக்கு வேறெதுவும் கற்றுக் கொடுக்கவில்லை என்று இந்த வயதில் தோன்றுகிறது.

முதலில் கருவியைச் சொல்லிவிடுகிறேன், இந்தக் காலத்துப் பிள்ளைகள் பார்த்திருக்க மாட்டார்கள். ஒரு பக்கம் அடைத்த நீள இரும்புக் குழல். அடைத்த பக்கத்தில் சின்ன முளை, அதில் ஊசி நுழையும் அளவுக்குத் துளை. முளையின் தலையில், அடித்தால் பொறி தெறிக்கும் சின்ன மூடி ஒன்றை மாட்ட வேண்டும், அதுதான் கேப்பு. விசையை இழுத்தால் குதிரை விழுந்து கேப்பை அடிக்கும். அந்தப் பொறி துளை வழியாக உள்ளே போய்க் கரிமருந்தைப் பற்ற வைக்கும். மருந்து, அதன்மேல் அடைப்பு, அதன்மேல் குண்டோ ரவையோ, எல்லாம் வாய் வழியாகத்தான் உள்ளே போகும். அவற்றைக் கெட்டிப்பதற்குக் குழலின் கீழே செருகியிருக்கும் நீளக் கம்பிக்குக் கெஜம் என்று பெயர். ரைஃபிள்களில் குழலுக்குள் சுருள் வரி இருக்கும், நம் பயிர்க்காவல் துப்பாக்கி உள்ளே வழவழப்பானது. ஜாக்கிரதை இரண்டுக்கும் ஒன்றுதான்.

தாமிரபரணிப் பள்ளத்தாக்குக்கு இந்த வகை ஆயுதம் புதிதல்ல. 1799 செப்டம்பர் 5-ஆம் தேதி கும்பினித் தளபதி பானர்மேனின் படையைப் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டைக்காரர்கள் திருப்பி அடித்தபோது இரு தரப்பிலும் இருந்தது வாய்வழித் துப்பாக்கிதான். கும்பினிச் சிப்பாய் சக்கிமுக்கிக் கல்லில் பற்றும் துப்பாக்கி வைத்திருந்தான். பாளையத்துக்காரர் கையில் இருந்தது பெரும்பாலும் வத்தியில் பற்ற வைப்பது, கூடவே வல்லயம். அக்டோபர் 16-ல் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். 1801 பிப்ரவரியில் அவர் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி, இடித்துப் போட்ட கோட்டையைத் திரும்ப எழுப்பினார். அது மே 24 வரைக்கும் தாக்குப் பிடித்தது. அதற்குப் பிறகு கோட்டைகளை இடித்தார்கள், ஆயுதங்களைப் பறித்தார்கள், அந்த வருடம் டிசம்பரில் ஆயுதம் வைத்திருப்பதையே தடுத்து அறிவிப்பும் போட்டார்கள். 1878-ல் இந்தியா முழுமைக்கும் ஆயுதச் சட்டம் வந்தது. ஆக, ஒரு சம்சாரி வீட்டு ஆணியில் துப்பாக்கி தொங்குகிறது என்றால் அது சாதாரண விஷயமில்லை. பல தலைமுறைக்குப் பிறகு சர்க்கார் ஒரு ஆளை நம்பிக் கொடுத்தது. பெரியப்பா அதை அப்படித்தான் நினைத்தார்; கலெக்டர் ஆபீஸ் முத்திரை போட்ட லைசென்ஸ் புத்தகத்தைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார்.

இனி வரிசைக்கு வருகிறேன்.

ஆணியிலிருந்து எடுத்ததும் வாயை ஆளில்லாத பக்கம் வானத்தைப் பார்க்கத் திருப்புவார். குதிரையைப் பார்த்து, முளையில் கேப்பு இல்லை என்று விரலால் தடவி உறுதி செய்வார். பிறகு கெஜத்தை உருவிக் குழலுக்குள் விடுவார். அந்தக் கெஜத்தில் அரத்தால் ராவிய இரண்டு கோடுகள் உண்டு. காலிக் குழலில் கெஜம் அடி வரைக்கும் போனால் முதல் கோடு வாயோடு சமமாக நிற்கும். மருந்தும் அடைப்பும் குண்டும் உள்ளே இருந்தால் இரண்டாவது கோடு நிற்கும். காதுக்கும் தெரியும்: காலியாக இருந்தால் இரும்பும் இரும்பும் மோதி 'டங்' என்று கேட்கும், உள்ளே சரக்கு இருந்தால் 'தொப்' என்று அமுங்கிப் போகும். நேற்று ராத்திரி அவரே சுட்டு, அவரே கழுவி, அவரே மாட்டி வைத்த துப்பாக்கியாக இருந்தாலும் சரி, கெஜத்தை விட்டுப் பார்க்காமல் அடுத்த வேலையைத் தொட மாட்டார்.

எனக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயசு இருக்கும். "நேத்து நீங்கதான பெரியப்பா கழுவி வச்சீங்க, இப்ப எதுக்கு?" என்று கேட்டேன். "ஏலே, நெனப்பக் கேட்டா அது நமக்குப் புடிச்சதச் சொல்லும். கெஜத்தக் கேளு, அது உள்ளதச் சொல்லும்" என்றார். அவர் நிறையப் பேசுகிற ஆள் இல்லை. அன்றைக்கு அவ்வளவுதான் பேசினார்.

நினைப்பு எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு பெரிய சாட்சி இருக்கிறது. 1863-ல் அங்கே நடந்த உள்நாட்டுப் போரில் கெட்டிஸ்பர்க் சண்டை முடிந்ததும் களத்தில் கிடந்த துப்பாக்கிகளைப் பொறுக்கிச் சேர்த்தார்கள். அன்றைய கணக்குப்படி 27,000-க்கும் மேல் கிடைத்தது. அதில் ஏறக்குறைய 24,000 துப்பாக்கிகளில் மருந்து கெட்டித்தபடியே இருந்தது. அவற்றில் பாதிக்குப் பாதி, ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு தரம் கெட்டித்தவை. ஒன்றில் 23 தரம் கெட்டித்திருந்தார்களாம். பயிற்சி பெற்ற சிப்பாய்கள் அவர்கள். சுற்றிலும் வெடிச் சத்தம் கேட்கும்போது தன் துப்பாக்கி வெடித்ததா இல்லையா என்று அவனுக்கே தெரியாமல் போகிறது. வெடித்துவிட்டது என்று நினைத்து மேலும் மேலும் கெட்டிக்கிறான். அப்படிப்பட்ட துப்பாக்கி பற்றினால் குண்டு முன்னால் போக வேண்டும் என்று கட்டாயமில்லை, குழலே பிளக்கலாம். எங்கள் பக்கத்து ஊரில் ஒருவருக்கு இடது கையில் மூன்று விரல் கிடையாது. ராத்திரிக் காவலில் தூக்கக் கலக்கத்தில் இரண்டாம் தரம் கெட்டித்துவிட்டார் என்று சொல்வார்கள்.

காலி என்று தெரிந்த பிறகு ஒரு வெறும் கேப்பை மாட்டி, வாயைத் தரைக்கு அருகில் ஒரு சருகின்மேல் காட்டி விசையை இழுப்பார். சருகு அசைந்தால் துளை திறந்திருக்கிறது, உள்ளே எண்ணெய் அடைப்பு இல்லை. அசையாவிட்டால் ஊசியால் குத்திச் சுத்தம் செய்துவிட்டு மறுபடியும் பார்ப்பார். மருந்தை ஒருபோதும் குப்பியிலிருந்து நேராகக் குழலில் கொட்ட மாட்டார். தனியாக ஒரு பித்தளை அளவு உண்டு, அதில் அளந்து, குப்பியை மூடித் தள்ளி வைத்துவிட்டு, அந்த அளவை மட்டும் கவிழ்ப்பார். முன் வேட்டின் கங்கு ஒன்று உள்ளே மிஞ்சியிருந்தால் அளவு மருந்து மட்டும்தான் பொங்கும், குப்பியோடு சேர்ந்து ஆள் போக மாட்டார். அதனால்தான் ஒரு வேட்டுப் போட்ட கையோடு அடுத்ததைக் கெட்டிக்கவும் மாட்டார். ஈரத்துணியைக் கெஜத்தில் சுற்றி உள்ளே விட்டு எடுத்து, சற்றுப் பொறுத்துத்தான் தொடங்குவார். பீடி குடிக்கிறவர்களை அந்தப் பக்கமே விட மாட்டார்.

கெட்டிக்கும்போது முகமும் நெஞ்சும் வாய்க்கு நேரே வரக் கூடாது. கெஜத்தை உள்ளங்கையால் அழுத்தக் கூடாது. பக்கவாட்டில் விரல்களால் பிடித்து, சாண் சாணாக இறக்க வேண்டும். அடைப்பும் குண்டும் மருந்தின்மேல் நன்றாக உட்கார வேண்டும். நடுவில் இடைவெளி விட்டால் குண்டு பாதி வழியில் நிற்கிற அடைப்பாகிவிடும், அழுத்தம் குழலைத்தான் தேடும். இரண்டாவது கோடு இருக்கிறதே, அது இதற்கும் உதவும்: கோடு வாய்க்கு மேலே தெரிந்தால் குண்டு இன்னும் உட்காரவில்லை என்று அர்த்தம். பிறகு கெஜத்தை வெளியே எடுக்க வேண்டும். சிரிக்காதீர்கள், அவசரத்தில் கெஜத்தோடு சேர்த்துச் சுட்டவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. கேப்பு கடைசியில்தான். சுடப் போகிற இடத்தில் நின்று, எதிரே என்ன இருக்கிறது, அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் கேப்பு. கேப்பு மாட்டிய துப்பாக்கியோடு வரப்பில் நடப்பதை அவர் அனுமதிக்கவே மாட்டார்.

விசையை இழுத்தும் வெடிக்கவில்லை என்றால்? அங்கேதான் பெரும்பாலானவர் தப்புச் செய்வது. 'என்னாச்சு' என்று துப்பாக்கியைத் திருப்பிப் பார்ப்பார்கள். மருந்து ஈரமாக இருந்தால் பொறி மெதுவாகக் கனன்று, சில நொடி கழித்தும் வெடிக்கலாம். பெரியப்பா அசையாமல் நிற்பார். வாய் அதே பக்கம், தோள் அதே இடம். ஒரு நிமிடத்துக்குக் குறையாமல் நின்றுவிட்டுத்தான் புதுக் கேப்பு மாட்டுவார். அதற்கும் மசியாவிட்டால் வம்பு பண்ண மாட்டார். கேப்பை எடுத்துவிட்டு, அதைப் பிரிக்கத் தெரிந்த, லைசென்ஸ் உள்ள பழுதுக்கடைக்காரரிடம் சொல்லி அனுப்புவார். ஒரு நிமிடம் சும்மா நிற்பது எவ்வளவு கஷ்டமான வேலை என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. பிற்பாடு, வீட்டில் ஒரு சண்டை மூண்டபோதும், கோபத்தில் எழுதிய கடிதத்தைத் தபாலில் போடப் போன நாளிலும் தெரிந்தது.

மருந்து விஷயத்தில் ஊரில் இன்னும் ஒரு துடுக்குத்தனம் உண்டு. சிவகாசி பக்கத்தில்தானே இருக்கிறது, பட்டாசு மருந்தைப் பிரித்துப் போட்டால் என்ன, தீக்குச்சி மருந்தைச் சுரண்டிப் போட்டால் என்ன என்று கேட்பார்கள். கூடவே கூடாது. இந்தக் குழல் கரிமருந்தின் வேகத்துக்குச் செய்தது. பட்டாசு மருந்தும், தோட்டாவில் இருக்கும் புகையில்லா மருந்தும் அதைவிடப் பல மடங்கு சீக்கிரமாகவோ கடுமையாகவோ அழுத்தும். அளவைக் குறைத்தால் சரியாகிவிடும் என்பது விரல் போனவர்கள் சொல்லும் பேச்சு. உரிமத்தில் எழுதியிருக்கும் அளவுக்கு, உரிமம் பெற்ற கடையில் வாங்கிய மருந்தைத்தான் போட வேண்டும்; மருந்து ஒரு அறையில், கேப்பு இன்னொரு அறையில் இருக்க வேண்டும்.

இப்போது கழுவுவது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

கரிமருந்து எரிந்தால் பாதிக்கு மேல் புகையாகவும் உப்பாகவும் கசடாகவும்தான் மிஞ்சும். அந்த உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். எங்கள் ஊரில் ஐப்பசி, கார்த்திகையில் மலையிலிருந்து இறங்குகிற ஈரக் காற்றுக்கு ஒரே ராத்திரி போதும், காலையில் குழலுக்குள் செம்மண் நிறத்தில் துரு பூத்திருக்கும். இரும்புக்குத் தண்ணீர் ஆகாது என்று நினைத்துப் பலர் மண்ணெண்ணெயை ஊற்றித் துடைப்பார்கள். உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். மண்ணெண்ணெய் பட்ட கசடு தாராகிக் குழலோடு ஒட்டிக்கொள்ளும், அதற்கு அடியில் துரு நிம்மதியாக வேலை பார்க்கும்.

பெரியம்மா வெந்நீர் போட்டுக் கொடுப்பாள். முதலில் கெஜம், உள்ளே காலிதானா என்று. பிறகு முளையைக் கழற்றி ஒரு கிண்ணத்து வெந்நீரில் போடுவார். குழலைக் கட்டையிலிருந்து பிரித்து அதன் அடியை வாளியில் நிறுத்தி, கெஜத்தில் துணி சுற்றி மேலும் கீழும் இழுப்பார். துளை வழியாகத் தண்ணீர் உறிஞ்சி ஏறும், இறங்கும். முதலில் வருகிற தண்ணீர் மைக்கூட்டைக் கவிழ்த்தது போல இருக்கும். கூடவே அழுகிய முட்டை நாற்றம். அது கந்தகத்தின் வேலை. தண்ணீரை மாற்றிக்கொண்டே இருப்பார். மூன்றாவது, நான்காவது துணி வெளியே வரும்போது சாம்பல் நிறத்துக்கு வரும். அத்தோடு விட மாட்டார். துணி போட்ட வெள்ளையாகவே திரும்பி வர வேண்டும். கடைசித் தண்ணீர் நன்றாகக் கொதித்திருக்க வேண்டும், ஏனென்றால் அந்தச் சூடு இரும்பில் ஏறித் தானே ஈரத்தை உலர்த்திவிடும். காய்ந்த துணியை இரண்டு தரம் விட்டு, சூடு ஆறுவதற்குள் எண்ணெய்த் துணியை ஓட்டுவார். தையல் மிஷினுக்குப் போடுகிற எண்ணெய்தான். நல்லெண்ணெய் நாளானால் பிசினாகிவிடும் என்பார். மாட்டும்போது வாய் கீழே பார்க்க மாட்டுவார். மிஞ்சின எண்ணெய் வாய் வழியாக வழியட்டும், முளைத் துளையில் போய் அடைக்க வேண்டாம்.

இது அத்தனையும் ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு வேட்டுப் போட்டுவிட்டு வந்தாலும் நடக்கும். விடியட்டும் பார்த்துக்கொள்ளலாம் என்பது இல்லை. மறுநாள் சாயங்காலம் ஒரு வெள்ளைத் துணியை விட்டுப் பார்ப்பார், துருவின் சாயல் தெரிகிறதா என்று. ஊருக்குக் கேட்டது அந்த ஒரு வெடிச் சத்தம்தான், அதற்கு முன்னும் பின்னும் நடந்ததை நானும் பெரியம்மாவும்தான் பார்த்தோம். நம் ஊர்க் கல்யாணங்களில் முன்னால் ஓடியாடுகிறவர்கள் நிறைய, மறுநாள் அண்டா கழுவுகிறவர்கள் இரண்டு பேர். நான் பிள்ளைகளுக்குப் பெண் பார்க்கப் போகும்போதெல்லாம் அந்த இரண்டு பேர் யார் என்றுதான் விசாரித்தேன்.

எனக்குத் துப்பாக்கி வரவில்லை, பம்புசெட்டு வந்தது. கிணற்றுக்குள் இறங்கி ஃபுட்வால்வைப் பார்க்க வேண்டுமென்றால், மோட்டார் நிறுத்தியிருக்கிறது என்று மனசு சொல்வதை நான் கேட்பதில்லை. பீஸ் கேரியரைப் பிடுங்கி மடியில் கட்டிக்கொண்டு, டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் முதல் படி. என் மகன்களுக்கு இது கிழவனின் கிறுக்கு. கரண்டு இல்லை என்று நினைத்துக் கை வைத்தவர்கள் எத்தனை பேர் இந்தத் தாலுகாவில் போய்ச் சேர்ந்தார்கள் என்று அவர்களுக்கும் தெரியும், ஆனாலும் கிறுக்கு என்பார்கள். போகட்டும்.

இன்றைக்குப் பயிர்க்காவலுக்குத் துப்பாக்கி எடுக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். லைசென்ஸ் இருப்பது வேறு, பன்றியைச் சுடுவது வேறு. 1972-ஆம் வருடத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதியில்லாமல் காட்டுப்பன்றியைக் கொல்லக் கூடாது. நம் மலை 1988-லிருந்து களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகமும்கூட. காட்டிலிருந்து தொலைவில் இறங்கித் தொல்லை தரும் பன்றிகளைச் சுடும் வேலையைத் தமிழக அரசு வனத்துறையிடம்தான் கொடுத்திருக்கிறது, விவசாயியிடம் அல்ல. எனக்கு அதில் வருத்தமில்லை. வருத்தம் வேறு இடத்தில்: துப்பாக்கிக்குக் கலெக்டர் ஆபீஸ் வரை நடக்க வேண்டும் என்று, சிலர் யாருக்கும் தெரியாமல் வேலியில் கரண்டைக் கொடுக்கிறார்கள், வடக்கே கொங்குப் பக்கம் வெடி பொதிந்த அவுட்டுக்காய் வைத்து யானையின் வாயைக் கிழிக்கிறார்கள். அந்தக் கம்பிக்கும் காய்க்கும் முன்னால் பன்றி, பக்கத்துத் தோட்டக்காரன், அவன் பிள்ளை எல்லாம் ஒன்றுதான். துப்பாக்கியும் ஆபத்தில்லாததல்ல: வெறும் வேட்டிலும்கூட அடைப்பு கனன்றுகொண்டே போய் வைக்கோற்படப்பில் விழும், பக்கத்தில் நிற்கிறவன் கண்ணைக் கெடுக்கும். வேட்டுச் சத்தத்தைப் பன்றியும் சீக்கிரம் பழகிக்கொள்ளும்.

கடைசியாக ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி பக்கத்துப் பழைய வீடுகளை இப்போது வரிசையாக இடித்துக்கொண்டிருக்கிறார்கள். மச்சிலோ பரணிலோ தாத்தா காலத்துத் துப்பாக்கி கிடைக்கலாம். பிள்ளைகள் அதைத் தூக்கி வைத்துப் போட்டோ எடுப்பார்கள், வாயை ஊதிப் பார்ப்பார்கள், கொல்லனிடம் கொடுத்துக் காய்ச்சச் சொல்வார்கள். குழலுக்குள் ஈரம் போகாமல் அடைத்து வைத்த கரிமருந்து எத்தனை வருடமானாலும் கெடாது. நூறு வருடத்துக்கு முந்திய குழல்கூட வெடிக்கும். ஆகவே அதைத் தொடாதீர்கள், வாய்க்கு நேரே நிற்காதீர்கள், கெஜத்தை விட்டுப் பார்க்கிற வேலையை நீங்கள் செய்யாதீர்கள், அது தெரிந்தவன் செய்ய வேண்டியது. அறையைப் பூட்டிவிட்டுக் காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள். லைசென்ஸ்காரர் காலமாகிவிட்டால் துப்பாக்கியைத் தாமதமில்லாமல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும் என்று ஆயுதச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு சொல்கிறது. வாரிசுக்கு வேண்டுமென்றால் அவர் தன் பெயருக்கு மனு போட்டுக்கொள்ளலாம். வந்து வாங்குகிறவர் இளவயதுக்காரராக இருந்து, "காலியாத்தான் இருக்கும், கொடுங்க சார்" என்று கையை நீட்டினால், வாசலிலேயே நிற்க வைத்து, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கத் தெரிந்த ஆளைக் கூட்டிவரச் சொல்லுங்கள்.